பழைய கல்விக் கடனுக்கு ஆள் வந்து நிற்கிறாரா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க

(நம் வழக்கறிஞர் அணி நடத்திய சட்ட உதவிக் கூட்டத்தில் பேசியது. வெளியூர்த் தோழர்கள் பலர் எழுத்தாக வேண்டும் என்று கேட்டதால் இங்கே முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



நேரா விசயத்துக்கு வந்துடறேன். 2005-லிருந்து 2012 வரைக்கும் கல்விக் கடன் வாங்கிப் படிச்ச தலைமுறை ஒண்ணு நம்ம தமிழ்நாட்டுல இருக்கு. வீட்டுல முதல் பட்டதாரி. அப்பா விவசாயக் கூலி, இல்லைன்னா தறி ஓட்டுறவர், இல்லைன்னா டவுன்ல மூட்டை தூக்குறவர். வங்கி கொடுத்த பணம் அந்தப் பிள்ளை கைக்கு வரல. நேரா கல்லூரிக் கணக்குக்குப் போச்சு. கடனாளி ஆனது மாணவன், காசு வாங்கினது கல்லூரி. படிச்சு முடிச்சு வெளியே வந்தா வேலை இல்லை. கிடைச்ச வேலைக்கு ஆறாயிரம், எட்டாயிரம் சம்பளம். ரூம் வாடகைக்கும் பஸ்ஸுக்குமே சரியாப் போச்சு. தவணை நின்னு போச்சு.

இப்ப அந்தப் பிள்ளைக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகுது. அந்த நேரத்துலதான் போன் வருது: "சார், உங்க எஜுகேஷன் லோன் விசயமாப் பேசணும்." பேசுறது வங்கி இல்ல, பேர் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனி. வாங்கினது இரண்டு லட்சம், இப்ப கேக்கறது ஆறு லட்சத்துக்கு மேல. பிள்ளை போனை எடுக்கலைன்னா கிராமத்துக்கு ஆள் போகுது. அங்க வயசான அப்பா திண்ணையில உக்காந்திருக்காரு. அவர்கிட்ட ஒரு தாளை நீட்டுறாங்க. "ஒண்ணும் இல்லய்யா, இங்க ஒரு கைநாட்டு வைங்க, வட்டியைக் குறைச்சிடலாம்."

நான் இன்னைக்கு முக்கியமாப் பேச வந்தது அந்தத் தாளைப் பத்தித்தான். ரொம்பப் பழைய கடன்ல நம்ம ஆளுங்க மாட்டிக்கிறது பெரும்பாலும் கட்டாம விட்டதால இல்ல. பயத்துல, அவசரத்துல வச்ச ஒரு கையெழுத்தால மாட்டிக்கிறாங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். கடனை ஏமாத்தச் சொல்லிக்கொடுக்க இந்த மேடை இல்ல. கட்ட வசதி இருக்கிறவங்க கட்டணும். ஒரு ஊர்ல நூறு பேர் கட்டாம விட்டா, நூத்தியோராவது பிள்ளை கடன் கேட்டுப் போகும்போது மேனேஜர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனா எவ்வளவு, யாருக்கு, எந்தக் கணக்குப்படி, சட்டம் எதுவரைக்கும் கேக்கவிடுதுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை கட்டுறவனுக்கு இருக்கு. பெரிய கம்பெனி முதலாளிக்கு இதைச் சொல்லித்தர வக்கீல் படையே இருக்கு. திண்ணையில உக்காந்திருக்கிற அப்பாவுக்கு நாமதான் சொல்லணும்.

இந்தியாவுல 1963-ஆம் வருசத்துக் காலவரையறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. லிமிடேஷன் ஆக்ட்னு கோர்ட்டுல சொல்வாங்க. அடமானம் எதுவும் இல்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூணு வருசம்தான் காலம். அந்தக் காலம் தாண்டி வழக்குப் போட்டா, எதிராளி வாயைத் திறக்கலைன்னாலும் அதைத் தள்ளுபடி செய்யணும்னு அந்தச் சட்டத்தோட 3-ஆம் பிரிவு சொல்லுது. வீடோ நிலமோ அடமானம் வச்சிருந்தா கதை வேற. அதுக்குப் பன்னிரண்டு வருசம். நாலு லட்சம் வரைக்குமான கல்விக் கடனுக்கு அடமானம் கேக்கக்கூடாதுன்னுதான் வங்கிகளோட மாதிரித் திட்டமே இருந்துச்சு. பெத்தவங்க கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போட்டாப் போதும். அதனால நம்ம பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க இந்த மூணு வருசக் கணக்குக்குள்ளதான் வருவாங்க.

"அப்ப 2008-ல வாங்கின கடன் 2011-லேயே செத்துப்போச்சா?" இல்ல தோழரே, அப்படி இல்ல. இதுலதான் பலபேர் தப்புக் கணக்குப் போடறாங்க. கல்விக் கடனுக்குத் தவணை உடனே தொடங்காது. படிப்பு முடியணும், அதுக்கப்புறம் ஒரு வருச விடுப்பு, அதுக்கப்புறம்தான் மாதத் தவணை. பழைய திட்டத்துல தவணைக் காலமே அஞ்சுலிருந்து ஏழு வருசம். ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியா மூணு வருசம் ஓடும். வங்கி நடுவுலேயே ‘மொத்தத்தையும் இப்பவே கட்டு’ன்னு கடனைத் திரும்பக் கேட்டிருந்தா கணக்கு அங்கிருந்து மாறும்.

போதாததுக்குக் கொரோனாக் காலம் வேற இருக்கு. 15.3.2020 முதல் 28.2.2022 வரைக்குமான நாட்களைக் காலவரையறைக் கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. இதை மறந்துட்டுக் கணக்குப் போடறவங்க ஏராளம். உதாரணத்துக்கு, உங்க கடைசித் தவணை 2019 ஜூன்ல வரவேண்டியதுன்னு வச்சுக்குங்க. சாதாரணமா 2022 ஜூனோட காலம் முடியணும். ஆனா 2020 மார்ச் வரைக்கும் ஒன்பது மாசம்தான் கழிஞ்சிருக்கு. பாக்கி ரெண்டேகால் வருசம் 1.3.2022-லிருந்து மறுபடி ஓடும். ஆக 2024 ஜூன் வாக்குலதான் முடியும். அதனால ‘என் கடன் பழசு, ஒண்ணும் பண்ண முடியாது’ன்னு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க. தேதிகளை எடுத்துட்டு வாங்க, உக்காந்து கணக்குப் போடலாம்.

காலம் முடிஞ்சுதுன்னா கடன் இல்லவே இல்லைன்னு அர்த்தமா? அதுவும் இல்ல. கோர்ட் மூலமா வசூல் பண்ற வழிதான் அடைபடும். கடன் கடனாவே இருக்கும். சிபில்ல தெரியும். வங்கி கடிதம் போடலாம், மரியாதையாக் கேக்கலாம். நீங்க விரும்பிக் கட்டினா வாங்கிக்கலாம்.

யூடியூப்ல ‘ஏழு வருசத்துல எல்லாம் அழிஞ்சிடும்’னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டம் சுத்துது. அது அரைகுறை. கிரெடிட் தகவல் நிறுவனம் உங்க தகவலைக் குறைந்தது ஏழு வருசம் வச்சிருக்கணும்ங்கிறது ஒரு விதி. அதுக்கும் வழக்குப் போடுற காலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சில வீடியோ அமெரிக்காக் கதையை அப்படியே மொழிபெயர்த்துப் போடுது. அங்க மத்திய அரசு கொடுத்த மாணவர் கடனுக்குக் காலவரையறையே கிடையாது, 1991-லேயே எடுத்துட்டாங்க. அந்த ஊர் சட்டம் அந்த ஊருக்கு.

இப்ப அந்தத் தாளுக்கு வர்றேன். காலவரையறைச் சட்டம் 18-ஆம் பிரிவு. மூணு வருசம் முடியறதுக்கு முன்னால, ‘ஆமா, இந்தக் கடன் இருக்கு’ன்னு எழுத்துல ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, அன்னைலிருந்து புதுசா மூணு வருசம் தொடங்கும். தொகையைக் குறிப்பிடலைன்னாலும் சரி, ‘இப்ப கட்ட முடியாது’ன்னு சேர்த்து எழுதினாலும் சரி, ஒப்புதல் ஒப்புதல்தான். 19-ஆம் பிரிவு, பாதிப் பணம் கட்டினா என்ன ஆகும்னு சொல்லுது. காலம் முடியறதுக்குள்ள ஐநூறு ரூபாய் கட்டி, அந்தச் செலான் உங்க கையெழுத்துல இருந்தா, அதுக்கும் புதுசா மூணு வருசம். ‘சும்மா ஐநூறு கட்டுங்க சார், கணக்கு உயிரோட இருக்கட்டும்’னு ஏஜென்ட் சொல்றாரே, உயிரோட இருக்கறது உங்க கணக்கு இல்ல, அவரோட வழக்கு.

காலம் முடிஞ்சே போயிருந்தாலும் ஒரு கண்ணி இருக்கு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவு, மூணாவது உட்பிரிவு. காலாவதியான கடனைக் கட்டறேன்னு எழுத்துல வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டா, அது புது ஒப்பந்தம். பழசு செத்தாலும் புதுசு பிறந்துடும். வங்கிக்காரங்க ‘ஏ.ஓ.டி.’ன்னு சொல்ற கடன் ஒப்புதல் கடிதம், ‘பேலன்ஸ் கன்பர்மேஷன்’, ‘செட்டில்மென்ட் விண்ணப்பம்’ன்னு பல பேர்ல அந்தத் தாள் வரும். ‘வட்டி மானியத்துக்கு’ன்னு சொல்லிக்கூட நீட்டுவாங்க. கைநாட்டும் கையெழுத்துதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்னு கோர்ட்டுல போய் நின்னு தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க.

ஏன் பிள்ளையை விட்டுட்டு அப்பாவைத் தேடிப் போறாங்க தெரியுமா? கூட்டாக் கடன் வாங்கினவங்கள்ல ஒருத்தர் போட்ட ஒப்புதலை மட்டும் வச்சு இன்னொருத்தரைப் பிடிக்க முடியாதுன்னு 20-ஆம் பிரிவு சொல்லுது. பெங்களூர்ல இருக்கிற பிள்ளை சிக்கல. கிராமத்துல இருக்கிற அப்பா சிக்குவார். அவருக்கு அரை ஏக்கர் நிலமாவது இருக்கும், மானமும் இருக்கும். அதனால இதைப் படிக்கிற தம்பி தங்கைங்க இன்னைக்கு ராத்திரியே ஊருக்கு ஒரு போன் போடுங்க. ‘யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்கப்பா, என்கிட்ட கேட்டுட்டுச் செய்றேன்னு சொல்லி அனுப்புங்க’ன்னு சொல்லுங்க. அம்மாகிட்டயும் சொல்லுங்க.

சரி, போன் வந்துடுச்சு. என்ன செய்யணும்?

போன்ல எதையும் ஒப்புக்காதீங்க, சண்டையும் போடாதீங்க. ‘எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க’, அவ்வளவுதான் பதில். வாட்ஸ்அப்ல ‘சார் கொஞ்சம் டைம் குடுங்க, கண்டிப்பாக் கட்டிடறேன்’னு அனுப்பிடாதீங்க. பாவம் பார்த்து அனுப்பின அந்த ஒரு வரி நாளைக்குக் கோர்ட்டுல ஆதாரமா வந்து நிக்கலாம்.

பேசறவர் யார்னு கேளுங்க. வங்கியோட ஏஜென்ட்டா, இல்ல கடனை விலைக்கு வாங்கின நிறுவனமா? 2016-ல ஸ்டேட் வங்கி, வராத கல்விக் கடன்களை மொத்தமா ரிலையன்ஸ் குழுமத்துச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கைமாத்தினப்ப, தமிழ்நாட்டுல பெரிய கொந்தளிப்பே வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பதான் நம்ம மக்களுக்கே தெரிஞ்சுது, பிள்ளை படிச்ச கடனைச் சந்தையில வைக்கோல் கட்டு மாதிரி முகமதிப்பைவிடக் குறைச்சு விப்பாங்கன்னு. வாங்கினவர்கிட்ட கேக்கவேண்டியது ரெண்டு: எந்தத் தேதியில இந்தக் கணக்கு உங்களுக்கு மாறினது, அதுக்கு ஆவணம் எங்கே? இன்னொண்ணும் மனசுல வச்சுக்குங்க. கடன் கைமாறினா காலம் புதுசாத் தொடங்காது. வித்தவருக்கு எவ்வளவு காலம் பாக்கி இருந்துச்சோ அவ்வளவுதான் வாங்கினவருக்கும்.

அடுத்தது கணக்கு விவரம். முதல் நாள்லிருந்து இன்னைக்கு வரைக்கும் முழு ஸ்டேட்மென்ட் வேணும். பொதுத்துறை வங்கின்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துலேயே கேக்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள்ல பதில் தரணும். தனியார் வங்கிக்கும் இந்த வசூல் கம்பெனிகளுக்கும் இந்தச் சட்டம் செல்லாது, அவங்களுக்குப் பதிவுத் தபால்ல சாதாரணக் கடிதம் போடுங்க. எழுதும்போது ‘என்னுடைய கடன்’னு எழுதாதீங்க. ‘உங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள கணக்கு’ன்னு எழுதுங்க. கீழே ஒரு வரி: ‘இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது.’ மேனேஜருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

ஸ்டேட்மென்ட் கையில வந்ததும் பார்க்கவேண்டியது வட்டி. இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, ஏன்னா ஆறு லட்சம் எப்படி வந்துச்சுங்கிற ரகசியம் இங்கதான் இருக்கு. இரண்டு லட்சத்தை 12 சதவீதக் கூட்டு வட்டியில பத்து வருசம் விட்டா 6 லட்சத்து 21 ஆயிரம் ஆகும். யாரும் திருடல, வட்டிக்கு வட்டி அப்படித்தான் வளரும். ஆனா திட்ட விதிப்படி படிக்கிற காலத்துக்கும் தவணை தொடங்குற வரைக்கும் தனி வட்டிதான் போடணும், கூட்டு வட்டி போடக்கூடாது. அதைச் சரியாப் பண்ணியிருக்காங்களான்னு பாருங்க.

அப்புறம் மானியம். 2009-10 கல்வியாண்டிலிருந்து, குடும்ப வருமானம் வருசத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்து வட்டி முழுசையும் மத்திய அரசே கட்டும்னு ஒரு திட்டம் வந்துச்சு. வருமானச் சான்றிதழ் கொடுத்தவங்களுக்கு அந்தப் பணத்தை அரசுகிட்ட கேட்டு வாங்கிக் கணக்குல வரவு வைக்க வேண்டியது வங்கியோட வேலை. உங்க ஸ்டேட்மென்ட்டுல அந்த வரவு இருக்கா? அதுக்கு முந்தின ஆளுங்களையும் விடல. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டுல ப.சிதம்பரம் ஒரு அறிவிப்பு செஞ்சார். 31.3.2009 வரைக்கும் வாங்கி 31.12.2013-ல நிலுவையில இருந்த கல்விக் கடன்களுக்கு, அன்னை வரைக்குமான வட்டிப் பாக்கியை அரசே ஏத்துக்கும்னார். சுமார் 9 லட்சம் மாணவர்களுக்கு, சுமார் 2,600 கோடி ரூபாய்னு அந்த உரையிலேயே சொன்னார். 2006-ல, 2007-ல சேர்ந்து படிச்சவங்க இங்க எத்தனை பேர் இருக்கீங்க? உங்க கணக்குல அது வந்துச்சான்னு என்னைக்காவது பார்த்தீங்களா? பாருங்க. வரலைன்னா, உங்ககிட்ட கேக்கற தொகையே தப்பு.

மிரட்டல் விசயத்துல நான் ரொம்ப நேரம் எடுத்துக்கல, ஏன்னா சட்டம் தெளிவா இருக்கு. கடன் கட்டாதது சிவில் விவகாரம். ‘போலீஸ் வரும், அரெஸ்ட் பண்ணுவாங்க’ன்னு சொல்றது பொய். 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்னாலயும் மாலை 7 மணிக்குப் பின்னாலயும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது. ஊர்ல வச்சு அவமானப்படுத்தறது, சொந்தக்காரங்களுக்கும் நண்பர்களுக்கும் தொல்லை கொடுக்கறது, அசிங்கமா மெசேஜ் அனுப்பறது எல்லாத்துக்கும் தடை. போட்டோ போட்டு பிளக்ஸ் வைப்பேன்னு எவனாவது சொன்னா, அந்தப் பேச்சைப் பதிவு பண்ணி வங்கிக்கு எழுத்துல புகார் கொடுங்க. ஒரு மாசத்துல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், செலவே கிடையாது. 14448-க்குக் கூப்பிட்டா வழி சொல்வாங்க. ‘தாசில்தார் வந்து ஜப்தி பண்ணுவார்’னு சொல்றாங்களா? காலாவதியான கடனை வருவாய் வசூல் சட்டம் வழியா வசூலிக்க முடியாதுன்னு, கேரளாவிலிருந்து போன வழக்குல 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ஆனா ரெண்டு இடத்துல ஜாக்கிரதை. முன்தேதியிட்ட செக் கொடுக்காதீங்க. பணம் இல்லாம செக் திரும்பினா அது 138-ஆம் பிரிவு, கிரிமினல் வழக்கு. இல்லாத போலீஸ் பயத்துக்கு நீங்களே வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும். அடுத்தது நகை. கல்விக் கடன் நிலுவையில இருக்கிற அதே வங்கியில அம்மாவோட சங்கிலியை அடகு வைக்காதீங்க. நகைக் கடனை முழுசா அடைச்ச பிறகும், ‘பையனோட பழைய லோன் இருக்கு’ன்னு நகையைத் தரமாட்டேன்னு சொல்வாங்க. ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவு வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிற பிடிமானத்தைத்தான் அதுக்குக் காட்டுவாங்க. சில வழக்குல ஜெயிச்சு நகையை மீட்டிருக்கோம், ஆனா அந்த அலைச்சல் எதுக்கு? சம்பளக் கணக்கும் வேற வங்கியிலேயே இருக்கட்டும்.

இனி கோர்ட். இதுல மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. ஏஜென்ட்டோட போனை எடுக்காம விடலாம். கோர்ட் சம்மனை வாங்காம விடக்கூடாது. நீங்க போகலைன்னா ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பாயிடும். காலாவதியான வழக்கைத் தள்ளணும்னு சட்டம் இருந்தாலும், தேதிகளை எடுத்துச் சொல்ல ஆள் இல்லைன்னா வங்கி காட்டற பேப்பர்தான் பேசும். தீர்ப்பு வந்துடுச்சுன்னா அதை நிறைவேத்தப் பன்னிரண்டு வருசம் அவங்களுக்குக் காலம் உண்டு. மூணு வருசத்துக்கும் பன்னிரண்டு வருசத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க. சம்மன் கைக்கு வந்த நாள்லிருந்து முப்பது நாளுக்குள்ள பதிலுரை போடணும். தெரியாமலேயே தீர்ப்பாகியிருந்தா, தெரிஞ்ச உடனே ஓடி வாங்க, அதை நீக்கக் கேக்கவும் முப்பது நாள்தான் கணக்கு. வக்கீலுக்குக் காசில்லைன்னா தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்க, 15100-ன்னு இலவச எண்ணும் இருக்கு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் தரணும்னு சட்டம். தாய்மார்களுக்கு இன்னொரு சேதி. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது பண்ணவே முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு. கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போட்ட அம்மாவை மிரட்டினா இந்த எண்ணைச் சொல்லுங்க.

லோக் அதாலத் நோட்டீஸ் நிறையப் பேருக்கு வருது. நல்ல இடம்தான், நானே பல குடும்பங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். பாதிக்கும் கீழ முடிச்சுக் கொடுத்ததும் உண்டு. ஆனா அங்க போறதுக்கு முன்னால உங்க கடன் காலாவதி ஆயிடுச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. ஏன்னா லோக் அதாலத்துல ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ‘மாசம் ஐயாயிரம் கட்டறேன்’னு அந்தக் கூட்டத்துல தலையாட்டிட்டு, மூணாவது மாசம் கட்ட முடியலைன்னா, செத்த கடன் தீர்ப்பா எழுந்து வந்து நிக்கும். உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா அங்க யாரும் எதையும் உங்க மேல திணிக்க முடியாது. ‘யோசிச்சுச் சொல்றேன்’னு எழுந்து வந்துடலாம்.

முடிச்சுடணும்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. வீட்டுக் கடன் வாங்கணும், சிபில் சரியாகணும், மனசுல பாரம் இறங்கணும். நியாயம்தான். அப்படின்னா ஒரே தடவையில முடிங்க, ஓ.டி.எஸ். தவணை வேண்டாம், கையில பணம் இருந்தா மட்டும் பேசுங்க. எவ்வளவு கட்டினா மொத்தமும் முடியும்னு வங்கி லெட்டர்ஹெட்ல எழுதி வந்த பிறகு, வங்கிக் கணக்குல நேராக் கட்டுங்க. ஏஜென்ட் கையில ஒரு ரூபாய் ரொக்கம் தராதீங்க. நிலுவை இல்லைங்கிற சான்றிதழ் வாங்குங்க, அதுல அப்பா பேரும் இருக்கணும். குறைச்சுக் கட்டினா சிபில்ல ‘செட்டில்டு’ன்னு விழும், முழுசாக் கட்டினாத்தான் ‘குளோஸ்டு’. வித்தியாசம் தெரிஞ்சு முடிவெடுங்க. வருசத்துக்கு ஒரு தடவை சிபில் அறிக்கை இலவசம். தப்பா இருந்தாப் புகார் கொடுங்க, முப்பது நாள்ல திருத்தலைன்னா நாளுக்கு நூறு ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

அந்த அறிக்கையில ‘ரைட்டன் ஆஃப்’னு பார்த்துட்டு, ‘அண்ணே, என் கடன் தள்ளுபடி ஆயிடுச்சு’ன்னு இனிப்போட வந்த தம்பிங்க உண்டு. நம்ம பத்திரிகைங்க ரெண்டுக்கும் ‘தள்ளுபடி’ன்னு ஒரே சொல்லைப் போட்டுப் போட்டு வந்த வினை இது. வங்கி தன்னோட கணக்குப் புத்தகத்துலேருந்து எடுத்து வைக்கிறது வேற, உங்களை மன்னிச்சு விடறது வேற. எழுதி வச்ச பிறகும் வசூல் தொடரும். 2014-15 முதல் 2023-24 வரைக்கும் பத்து நிதியாண்டுல வங்கிகள் இப்படி எழுதி ஒதுக்கினது சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய்னு 2025 மார்ச்சுல மத்திய அரசே நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. அதுல பாதிக்கு மேல பெரிய தொழில், சேவை நிறுவனங்களோடது. அதுவும் மன்னிப்பு இல்ல, வசூல் நடக்குதுன்னு நிதியமைச்சகம் சொல்லும். இருக்கட்டும். அந்த நிறுவனங்களோட இயக்குநர் வீட்டுத் திண்ணைக்கு எந்த ஏஜென்ட்டாவது தாளை எடுத்துட்டுப் போனதா நான் கேள்விப்பட்டதில்ல.

அதனாலதான் நாம கேக்கிறோம். கல்விக் கடனைத் தனியார் வசூல் கம்பெனிக்கு விக்கிறதை நிறுத்து. அதே குறைஞ்ச விலையைப் படிச்ச பிள்ளைகிட்ட முதல்ல கேளு, அவன் கட்டட்டும். கம்பெனிக்குக் கொடுக்கிற தள்ளுவிலையைக் கடன் வாங்கினவனுக்குக் கொடுத்தா என்ன குடி முழுகிப்போகும்? அசலைக் கட்டினா முடிச்சுக்கோங்கிற திட்டத்தை எல்லாப் பொதுத்துறை வங்கியும் கொண்டுவரட்டும். 7.5 லட்சம் வரைக்குமான கல்விக் கடனுக்கு 2015 முதல் மத்திய அரசோட உத்தரவாத நிதி இருக்கு, நட்டத்துல முக்கால் பங்கை அது தாங்கும். அந்த நிழல் 2008-ல படிச்சவனுக்குக் கிடைக்கல.

மாநில அரசு தள்ளுபடி பண்ணிடும்னு காத்திருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கிகள் மத்திய அரசோட கட்டுப்பாட்டுல இருக்கு. மாநில அரசு தன் கஜானாவிலிருந்து கட்டலாமே தவிர, வங்கியைப் பார்த்து ‘விட்டுடு’ன்னு உத்தரவு போட முடியாது. எந்த மேடையில யார் சொன்னாலும், அரசாணை கையில வர்ற வரைக்கும் அது பேச்சுதான். அதை நம்பிச் சம்மனைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.

கடிதம் வந்தவங்க, சம்மன் வந்தவங்க, அதோட ரெண்டு பக்கத்தையும் தபால் உறையையும் போட்டோ எடுத்து, உங்க ஒன்றியத்து வழக்கறிஞர் அணித் தோழர்கிட்ட நேர்ல காட்டுங்க. உறை முக்கியம், தேதி முத்திரை அதுலதான் இருக்கும். இந்தப் பதிவுக்குக் கீழ உங்க பேரையும் கணக்கு எண்ணையும் போட்டு ‘எனக்கு இவ்வளவு கடன் இருக்கு, உதவி பண்ணுங்க’ன்னு யாரும் எழுதாதீங்க தோழர்களே. ஏஜென்ட்டுங்களும் நம்ம பக்கத்தைப் படிக்கிறாங்க.